ரத்தத்தில் மார்க்கர் நார்மல், கன்னத்தில் புண் ஆறவில்லை: பயாப்சி வேண்டாம் என்கிறார் அப்பா

பென்னாகரத்தான்
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வீடு பென்னாகரம் பக்கம். அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர். இடது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டேதான் வேலை செய்வார், சில நாள் அப்படியே தூங்கியும் போவார். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, காரம் பட்டால் எரிகிறது என்றார். பல் குத்திப் புண்ணாகியிருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு கிளினிக்கில் தடவ மருந்தும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டரை மாதம் ஓடிவிட்டது, ஆறவில்லை.

போன வாரம் ஊரில் ஒரு லேப் முகாம் போட்டது. முழு உடல் பரிசோதனை, கூடவே கேன்சர் மார்க்கர், அதாவது கேன்சர் இருந்தால் ரத்தத்தில் ஏறும் என்கிற பொருட்களை அளக்கிற டெஸ்ட். சிஇஏ, ஏஎஃப்பி, சிஏ 19-9, பிஎஸ்ஏ, நான்கும் நார்மல். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர், கேட்காதவர் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறார். பல் டாக்டரோ சதை எடுத்து டெஸ்ட் செய்தாக வேண்டும் என்கிறார். "ரத்தத்திலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான், சதையை எதற்கு வெட்டணும்?" என்பது அப்பாவின் கேள்வி. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ரத்தத்தில் இல்லையென்றால் இல்லைதானே?


சிலைடுகாரன்
ஞாயிறு, இரவு 10.20

தம்பி, நான் டாக்டர் இல்லை. திசுப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடமாக, மைக்ராஸ்கோப்பில் பார்க்க சதையைச் சீவிக் கண்ணாடிச் சிலைடு போடுகிறவன். நான் சொல்வதை டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இருக்கும் நான்கில் ஒன்றுகூட வாயைப் பற்றியது இல்லை. சிஇஏ பெரும்பாலும் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களை, திரும்ப வருகிறதா என்று பின்தொடர்ந்து பார்க்க உதவுவது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே கொஞ்சம் ஏறி நிற்கும். ஏஎஃப்பி கல்லீரலுக்கும் விதைப்பையில் வரும் சிலவகைக் கட்டிகளுக்கும். பிஎஸ்ஏ புராஸ்டேட் சுரப்பிக்கு. வயதானவர்களுக்குச் சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். சிஏ 19-9 கணையத்துக்கு. பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலும் ஏறும். இதில் இன்னொரு கூத்து உண்டு. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு லூயிஸ் என்ற ரத்த வகைக் கூறு இருக்காது. அவர்களுடைய கணையத்தில் கட்டியே இருந்தாலும் சிஏ 19-9 ஏறாது.

பென்னாகரத்தில் காணாமல் போன ஆட்டை அரூர் சந்தையில் தேடிப் பார்த்துவிட்டு, ஆடே தொலையவில்லை என்று வீட்டுக்கு வருவது மாதிரி இருக்கிறது உங்கள் அப்பாவின் தாள்.

எஸ்சிசி ஆன்டிஜென் என்று ஒன்று உண்டு, வாயில் வரும் வகையோடு கொஞ்சம் உறவு உள்ளது. அதுவும் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு ஏறாது. சொரியாசிஸ் இருந்தாலோ சிறுநீரகம் கெட்டாலோ வேண்டாத நேரத்தில் ஏறும். அதை வைத்து யாரும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு கேள்வி. புண்ணின் ஓரம் விரலுக்குத் தடிப்பாக, கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? தாடைக்குக் கீழே, கழுத்தில் நெரி, அதாவது வீங்கிய நிணநீர் முடிச்சு, ஏதும் இருக்கிறதா?


காவேரிப்பட்டணத்து மாமா
ஞாயிறு, இரவு 11.05

நானும் அப்படி ஒரு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் சுற்றினவன். இப்போது இடப்பக்கக் கன்னம் பாதிதான் இருக்கிறது. அப்பாவை என்னோடு பேசச் சொல்லுங்கள். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.


அரூர் விவசாயி
திங்கள், காலை 6.10

எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறீர்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். நாக்கில் சதை எடுத்தார்கள், மூன்றே மாதத்தில் கழுத்தெல்லாம் கட்டி, போய்விட்டார். கத்தி பட்டால் கிளம்பிவிடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பத்தியம் இருந்து மூலிகை கொடுத்துப் பார்க்கலாம், கெடுதல் இல்லையே.


சிலைடுகாரன்
திங்கள், காலை 7.30

அண்ணா, பெரியப்பா விஷயம் வருத்தம்தான். ஆனால் மூன்று மாதத்தில் கழுத்தில் கட்டியாகத் தெரிந்தது, சதை எடுத்த அன்று கழுத்துக்குப் போனது இல்லை. பொடியாக ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்திருக்கும், கைக்குத் தட்டுப்பட அவ்வளவு நாள் ஆகியிருக்கும். சதை எடுப்பதால் வாய்ப் புற்றுநோய் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நம் ஊரில் சதை டெஸ்டுக்கு வருவதே கடைசியில்தான், அதனால் பழி அதன் தலையில் விழுகிறது. மூலிகையால் கெடுதல் இல்லை என்கிறீர்கள். அது தின்கிற நாளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயாப்சி என்றால் என்னவோ பெரிய ஆபரேஷன் என்று நினைக்கிறார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரமரப்பு ஊசிதான். புண்ணின் நடுவில் எடுத்தால் வெறும் அழுகின சதைதான் கிடைக்கும். அதனால் ஓரத்திலிருந்து, நல்ல சதையும் கொஞ்சம் சேர்கிற மாதிரி, உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு எடுப்பார்கள். வேண்டுமானால் ஒரு தையல். அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

துண்டு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் எங்களிடம் வரும். (சிலர் உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்புவார்கள், ஒரு நாள் தாமதித்தால் சதை கெட்டுவிடும். பாட்டிலில் ஃபார்மலின்தானே என்று கேட்பதில் தப்பில்லை.) இரவெல்லாம் ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று மாற்றி மாற்றி ஊறவைத்து, மெழுகுக் கட்டியாக்கி, நாலு ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரில் இருநூறு சீவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றினால் உட்கரு நீலம், மற்றது இளஞ்சிவப்பு. டாக்டர் பார்ப்பது முக்கியமாக ஒன்று: மேல்தோல் செல்கள் தம் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டனவா? தாண்டியிருந்தால் புற்றுநோய். தாண்டாமல் உருவம் மட்டும் கோணியிருந்தால் டிஸ்பிளேசியா, அதாவது அதற்கு முந்தைய படி. ரத்தத்தில் எந்த எண் வந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது.


பாலக்கோட்டு அக்கா
திங்கள், மதியம் 2.15

மார்க்கர் நார்மல் என்று ஏமாந்த கதை இது. மார்க்கர் ஏறிப் பயந்த கதை எங்கள் வீட்டில் நடந்தது. என் தங்கைக்கு வயிறு உப்பி நீர் கோத்துக்கொண்டது. சிஏ 125 பார்த்தார்கள். 35க்குள் இருக்க வேண்டியது, ஐந்நூற்றுச் சில்லறை. ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவரே "சினைப்பை கேன்சர் மாதிரி தெரியுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று இரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவளுடைய மாமியார் நகையைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டார், அந்த அம்மாவை அதுவரை நான் கஞ்சம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியில் அது வயிற்றில் காசநோய். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துத்தான் தெரிந்தது. ஆறு மாதம் அரசு மாத்திரை, இலவசம். இப்போது தங்கை நன்றாக இருக்கிறாள். மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு வெளியே வளர்வது), இவற்றிலும் அந்த எண் ஏறும் என்று பிற்பாடு டாக்டரம்மா விளக்கினார். முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.


பயோடெக் மாணவன்
திங்கள், இரவு 8.00

கொஞ்சம் மாற்றுக் கருத்து. மார்க்கர் எல்லாமே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எச்சிலில் இன்டர்லூக்கின் 8 போன்ற புரதங்கள், சில ஆர்என்ஏ துணுக்குகள் வாய்ப் புற்றுநோயில் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. நம் நாட்டிலேயே, கன்னம், ஈறு பகுதியில் வரும் புற்றுநோயின் மரபணு மாற்றங்களை ஒரு பெரிய இந்தியக் கூட்டு ஆய்வுக் குழு 2013இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டது. எச்சில் துப்பினால் போதும், கத்தி வேண்டாம் என்ற காலம் வரும். பென்னாகரத்தான் அண்ணா அப்பாவுக்கு எச்சில் டெஸ்ட் எங்காவது செய்து பார்க்கலாமே?


சிலைடுகாரன்
திங்கள், இரவு 8.35

வரட்டும் தம்பி, நான் சந்தோஷமாக ஓய்வு பெறுகிறேன். ஆனால் இன்டர்லூக்கின் 8 வீக்கம் எங்கிருந்தாலும் ஏறுகிற சரக்கு. ஈறு பழுத்தவருக்கும் எச்சிலில் ஏறும். நம் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் ஈறு பழுக்காத ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இன்னொன்று, கணக்கு. உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வைப்போம். டெஸ்ட் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும், ரொம்ப நல்ல டெஸ்ட். அப்போதும் நோயில்லாத 9,990 பேரில் ஏறக்குறைய 500 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். உண்மையான நோயாளி ஒன்பது பத்துப் பேர் அந்தக் கூட்டத்துக்குள் நிற்பார்கள். யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? சதை எடுத்துத்தான்.


கிருஷ்ணகிரி பல் டாக்டர்
செவ்வாய், காலை 11.00

வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லலாம் என்று ஆரம்பிக்கிறேன், முடியுமா பார்ப்போம்.

வாய் என்பது கணையம் மாதிரி ஒளிந்திருக்கும் உறுப்பு இல்லை. டார்ச் அடித்தால் தெரியும். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு லான்செட்டில் 2005இல் வந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், சந்தேகமானால் டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தமும் இல்லை, மெஷினும் இல்லை. மொத்த மக்களில் பெரிய வித்தியாசம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் புகையிலை அல்லது குடிப்பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறவர் கையில் ஒரு டார்ச் இருந்தால் போதும் என்று அப்போதே நினைத்தேன். பக்கத்து திருப்பத்தூரில், ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரியோடு சேர்த்து, வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வீட்டுக்கு வீடு அழைப்பு கொடுத்துப் பரிசோதிக்கும் வேலை 2023இல் தொடங்கியது.

என்ன பார்க்க வேண்டும்? துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம். வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு. வெள்ளையை விட இந்தச் சிவப்புதான் ஆபத்து. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். காரணமில்லாமல் ஆடும் பல். தயவு செய்து ஆடுகிற பல்லை, சுற்றியிருக்கும் ஈறைப் பார்க்காமல் யாரும் பிடுங்கிவிடாதீர்கள். டொலுடின் நீலம் என்ற சாயத்தைத் தடவினால் சந்தேக இடம் கருநீலமாகப் பிடிக்கும், ஆனால் சாதாரணப் புண்ணும் பிடிக்கும். எங்கிருந்து சதை எடுப்பது என்று இடம் குறிக்க மட்டும்தான் அதை நான் வைத்திருக்கிறேன்.

இப்போது என் கவலை முழுக்க இருபது வயதுப் பையன்கள். பாக்குப் பொட்டலம் போட்டுப் போட்டு, கன்னச் சதை நார் பிடித்து வெளுத்து, வாய் திறக்காமல் வருகிறார்கள். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள், நுழைய வேண்டும். போன மாதம் வந்த பையனுக்கு ஒன்றரை விரல். "நான் புகையிலையே தொட்டதில்லை சார், வெறும் பாக்குதான்" என்கிறான். பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.

பி.கு. நம் பக்கத்தில் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதே, அது கேன்சரின் அறிகுறியா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். இல்லை. அது போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு வேலை. ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே அதற்காகத்தான்.


பென்னாகரத்தான்
செவ்வாய், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. ஓரம் கெட்டியாகத்தான் இருக்கிறது, கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மாமா இன்று அப்பாவோடு முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று அப்பா சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "இதைப் பீரோவில் வை" என்றார். வியாழக்கிழமை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம்.


காவேரிப்பட்டணத்து மாமா
செவ்வாய், இரவு 10.30

ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. மாங்காய் விலை பேசினோம்.


பென்னாகரத்தான்
11 நாள் கழித்து, சனி, மாலை 6.45

ரிப்போர்ட் வந்துவிட்டது. "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, நன்கு வேறுபட்ட வகை" என்று எழுதியிருக்கிறார்கள். "நன்கு" என்று இருப்பதால் நல்ல செய்தி என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் திருத்தவில்லை.

எம்ஆர்ஐயில் இரண்டரை சென்டிமீட்டர், ஆழம் ஏழு மில்லிமீட்டர், தாடை எலும்பைத் தொடவில்லை. கழுத்தில் ஒரு நெரி சந்தேகமாக இருந்தது, ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கெட்ட செல் இல்லை. இரண்டாம் நிலை என்றார்கள். ஆபரேஷன் செய்யலாம், கழுத்து நெரிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பாவின் புதுக் கேள்வி: "கழுத்தில் இல்லை என்று ஊசியிலேயே தெரிந்துவிட்டதே, கழுத்தை எதற்கு அறுக்கணும்?"

இன்னொன்று. ஒரு தனியார் லேப் ஆள் போன் செய்து பி16, பிடிஎல்1, ஜீன் பேனல் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். விலையைக் கேட்டால் ஒரு எருமை வாங்கலாம். செய்ய வேண்டுமா?


சிலைடுகாரன்
சனி, இரவு 7.40

வருத்தம்தான் தம்பி, ஆனால் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்திருக்கிறீர்கள். "நன்கு வேறுபட்ட" என்றால் அந்தச் செல்கள் இன்னும் பிறந்த வீட்டுச் சாயலை மறக்கவில்லை என்று அர்த்தம். அம்மா நினைப்பது முழுத் தப்பும் இல்லை.

கழுத்து விஷயம். ஊசி ஒரு நெரியில்தான் குத்தியது. மற்றவற்றில் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத பொடி இருக்கலாம். மும்பை டாடா மெமோரியலில் இதைத்தான் சோதித்தார்கள். ஆரம்ப நிலை நோயாளிகளில் ஒரு பாதிக்கு முதலிலேயே கழுத்தையும் எடுத்தார்கள், மறுபாதிக்குக் கட்டி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5. 2015இல் வந்த ஆய்வு, உலகமே பின்பற்றுகிறது. அப்பாவிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், எண் பிடிக்கும் மனிதர்தானே அவர்.

பேக்கேஜ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து, சர்ஜன் கேட்டால் மட்டும் செய்யுங்கள். பி16 எச்பிவி வைரஸால் வரும் டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்க்குத்தான் முக்கியம். புகையிலை அடக்கிய கன்னத்தில் அது சிகிச்சையை மாற்றாது. பிடிஎல்1 பெரும்பாலும் நோய் முற்றியிருந்தாலோ திரும்பி வந்தாலோ, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுக்கலாமா என்று முடிவு செய்ய.


பயோடெக் மாணவன்
சனி, இரவு 8.15

அண்ணன் சொல்வது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மார்க்கர் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு வேலையைக் குழப்புகிறோம். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஒன்று. இருக்கிற நோய்க்கு எந்த மருந்து என்று தேர்ந்தெடுப்பது வேறு. மார்பகப் புற்றுநோயில் கட்டியின் செல்லில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் மருந்து தொடங்க மாட்டார்கள். சிஎம்எல் ரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒரே மரபணு மாற்றத்தைப் பிடித்துத்தான் இமாட்டினிப் மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கெல்லாம் மார்க்கர் ராஜா. இம்யூனோதெரபி விலையைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம் என்பதற்கும் ஒரு தகவல்: முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்து டாடா மெமோரியலில் பார்த்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள்.


பாலக்கோட்டு அக்கா
ஞாயிறு, காலை 9.00

தம்பி, எங்கே செய்யப் போகிறீர்கள்? சேலம், சென்னை அடையாறு, பெங்களூர் ஓசூர் ரோட்டில் கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு, ஆனால் எந்த மருத்துவமனை ஏற்கும் என்று போவதற்கு முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.


சிலைடுகாரன்
ஞாயிறு, காலை 9.20

அந்தப் பையில் சிலைடும் மெழுகுக் கட்டியும் இருக்கட்டும். வேறு ஊர் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, அங்கே அவர்கள் டாக்டர் மறுபடி பார்ப்பார். எழுதிக் கேட்டால் லேப் கொடுக்கும். மெழுகுக் கட்டியை வெயிலில் பஸ் டேஷ்போர்டு மேல் வைத்துவிடாதீர்கள், ஒருவர் வைத்தார்.


அரூர் விவசாயி
ஞாயிறு, மதியம் 1.30

தம்பி, நான் அன்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் மேலண்ணத்தில் வெள்ளையாக ஒன்று இருக்கிறது, ரொம்ப நாளாக. டாக்டர் சார், கிருஷ்ணகிரியில் எந்த நேரம் இருப்பீர்கள்?


கிருஷ்ணகிரி பல் டாக்டர்
ஞாயிறு, மதியம் 1.50

நாளை காலையே வாருங்கள். அதுவரை பீடியைத் தொட வேண்டாம். விட முடியவில்லை என்றால் 1800 11 2356க்குக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை.


பென்னாகரத்தான்
ஞாயிறு, இரவு 9.15

அப்பா ஒத்துக்கொண்டார். 80, 67.5 என்று காலையிலிருந்து அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த புதன் அட்மிஷன். தேவைப்பட்டால் அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்களாம், எடுத்த சதையைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

மாமா, அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். ஆபரேஷன் முடிந்தால் களி சாப்பிட முடியுமா?


காவேரிப்பட்டணத்து மாமா
ஞாயிறு, இரவு 9.25

முதல் பத்து நாள் எனக்கு மூக்கில் குழாய். டாக்டரைக் கேட்டுவிட்டு, ராகிக் கூழை நீர்க்கக் காய்ச்சி, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி அதில்தான் விட்டார்கள். ருசி தெரியாது, ஏப்பத்தில் மட்டும் வாசனை வரும். களிக்கு மூன்று மாதம் ஆயிற்று. களியை யார் மென்று தின்கிறார்கள், முழுங்குவதுதானே. முதலில் உருண்டையைப் புளியங்கொட்டை அளவுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். கீரைக் குழம்பில் மிளகாய் வேண்டாம் என்று இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். என் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன்.